நெலவுல மண்கோடு, அலமாரியில மாவு, ஏற்காட்டு கைமரத்துல ஓட்டை: மூணுக்கும் ஒரே மருந்தா?

தம்பி, நீங்க கேட்டதை ஒரு தடவ சுருக்கமா சொல்லிடுறேன், அப்பத்தான் படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். சேலம் கன்னங்குறிச்சியில அப்பா கட்டுன வீடு, பின்வாசல் நெலவுல, அதாவது கதவை மாட்டியிருக்கிற மரச்சட்டத்துல, மண்ணால கோடு இழுத்தாப்ல ஏறியிருக்கு, ஸ்டோர் ரூம் அலமாரிக்கு அடியில தினமும் கூட்டக் கூட்ட மாவு கொட்டிக்கிட்டே இருக்கு. ஏற்காட்டுல தாத்தாவோட ஓட்டு வீடு ஒண்ணு பூட்டியே கிடக்கு, அங்க கூரை ஓட்டைத் தாங்குற கைமரத்துல விரல் போற அளவுக்கு உருண்டையா துளை. பெஸ்ட் கண்ட்ரோல் ஆளு வந்து பாத்துட்டு, ரெண்டு வீட்டுலயும் தரையில ட்ரில் போட்டு மருந்து விட்டா எல்லாம் போயிடும்னு சதுர அடிக்கு ரேட் சொல்லிட்டுப் போயிட்டாரு, அட்வான்ஸ் குடுக்கலாமான்னு கேக்குறீங்க.

இப்போதைக்கு குடுக்காதீங்க. அவரை ஏமாத்துக்காரர்னு சொல்ல வரல, ஆனா நீங்க எழுதுனதை வச்சே சொல்றேன், அது மூணும் மூணு வேற பூச்சி, தரையில ட்ரில் போடுற வேலை அதுல ஒண்ணுக்குத்தான் கேக்கும். மத்த ரெண்டும் மண்ணுலயே இல்ல, மரத்துக்குள்ளயே பொறந்து மரத்துக்குள்ளயே வளர்ற ஜாதி, தரைக்கு எத்தனை லிட்டர் விட்டாலும் அதுக்கு தெரியவே தெரியாது. நான் பழைய வீடு ரிப்பேரும் மரவேலையும் பாக்குறவன், மருந்து விக்கிற தொழில் எனக்கு இல்ல, அதனால எது வித்தாலும் எனக்கு கமிஷன் கிடையாது, அந்த தைரியத்துல கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

முதல்ல நெலவு. மண்கோடுன்னா அது கரையான்தான், சந்தேகமே வேணாம். அதோட உடம்பு ரொம்ப மெல்லுசு, வெயில்லயும் காத்துலயும் சீக்கிரம் காஞ்சு செத்துரும், அதனாலதான் மண்ணையும் எச்சிலையும் குழைச்சு ஒரு மூடுன பாதை கட்டி அதுக்குள்ளயே போயிட்டு வரும். கூடு இருக்கிறது மண்ணுக்குள்ள, உங்க நெலவு அதுக்கு தீனி எடுக்கிற இடம் மட்டும்தான். நம்ம பக்கம் புத்து கட்டுற கரையான் இருக்கு பாருங்க, அது மரத்தை அரிச்சுட்டுப் போயி கூட்டுக்குள்ள ஒரு பூஞ்சையை வளர்த்து அதைத்தான் சாப்பிடுது, ராணி அடியில ஒரு தனி அறையில உக்காந்து வருஷக்கணக்கா முட்டை போட்டுக்கிட்டே இருக்கும். அதனால நெலவுல இருக்கிற நூறு பூச்சியை ஸ்ப்ரே அடிச்சு கொன்னா என்ன ஆகும், ஒண்ணும் ஆகாது, மிச்சம் இருக்கிறது பக்கத்துல வேற வழி பாத்து ஏறும். கடையில விக்கிற கரப்பான்பூச்சி ஸ்ப்ரே, மண்ணெண்ணெய், உப்புத்தண்ணி எல்லாம் இந்தக் கதைதான், கோடு மறைஞ்சதும் போயிடுச்சுன்னு நாம நிம்மதியா இருப்போம், அது ஜன்னல் சட்டத்துக்குப் பின்னாடி வேலை பாத்துக்கிட்டிருக்கும்.

அதனால அந்தக் கோட்டை மொத்தமா தொடச்சு எடுத்துடாதீங்க. நடுவுல ஒரு இஞ்ச் மட்டும் உடைச்சு விட்டுட்டு, பக்கத்துல பென்சில்ல தேதி எழுதி வைங்க. உடைக்கும்போதே வெள்ளையா ஓடுச்சுன்னா கேள்வியே இல்ல. ஒண்ணும் ஓடலைன்னா நாலஞ்சு நாள் கழிச்சு பாருங்க, உடைச்ச இடத்தை ஈர மண்ணு வச்சு அடைச்சிருந்தா உள்ள நடமாட்டம் இருக்கு. அடைக்கலைன்னா அது கைவிட்ட பாதையா இருக்கலாம், ஆனா அப்பவும் வேற இடத்துல தேடணும்.

தேடுறதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம், நல்ல டார்ச் ஒண்ணு, ஸ்க்ரூ ட்ரைவர் ஒண்ணு, குனியுற முதுகு ஒண்ணு. டார்ச்சை நேரா அடிக்காம சுவத்தோட ஒட்டிப் படுக்க வச்சு அடிங்க, அப்பத்தான் பெயிண்ட்டு உப்பலும் மெல்லுசான மண்கோடும் நிழல் விழுந்து தெரியும். ஸ்க்ரூ ட்ரைவர் கைப்பிடியால நெலவை கீழருந்து மேல வரைக்கும் தட்டிக்கிட்டே வாங்க, கெட்டி மரம் ஒரு சத்தம் குடுக்கும், உள்ள காலியான இடத்துல சத்தம் மாறும், அங்க நுனியை வச்சு அழுத்துனா பெயிண்ட்டு தோல் மட்டும் நிக்கும், உள்ள பூந்துடும். நெலவோட கால் ரெண்டும்தான் முக்கியம், ஏன்னா நம்ம ஊர்ல பழைய வீடுங்கள்ல நெலவுக் காலை தரைக்குள்ள புதைச்சு சுத்தி சிமெண்ட் போடுற பழக்கம், அது கரையானுக்கு நாமளே போட்டுக் குடுத்த ஏணி.

அப்புறம் ஈரம் எங்க இருக்குன்னு பாருங்க. உண்மையைச் சொன்னா கரையான் தேடுறதை விட ஈரம் தேடுறது சுலபம், ஈரம் இருக்கிற இடத்துல பாதி நேரம் கரையானும் இருக்கும். சேலம் மாதிரி காஞ்ச ஊர்ல மண்ணு வறண்டு கிடக்கிற மாசங்கள்ல அதுக்கு தண்ணி வேணும், வீட்டை ஒட்டித்தான் அது கிடைக்கும். பாத்ரூம் சுவத்துக்கு மறுபக்கம், சிங்க்குக்கு அடியில இருக்கிற கப்போர்டு, ஏசி தண்ணி சொட்டுற மூலை, துணி துவைக்கிற கல்லு, சுவத்தை ஒட்டி வச்ச பூந்தொட்டி, மொட்டை மாடி தண்ணி இறங்குற பைப் பக்கம். உங்க பின்வாசல்ல துவைக்கிற தண்ணி நெலவு ஓரமாத்தான் ஓடுதான்னு பாருங்க, நான் பந்தயம் கட்டுவேன். கரண்டு மெயின் போர்டு பலகையைக் கழட்டிப் பாருங்க, ஒயர் பைப் வழியா மேல் மாடி வரைக்கும் ஏறுறது சாதாரணம், மெயினை ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனை வச்சுப் பாருங்க. லாஃப்ட்டுல அட்டைப்பெட்டி, பழைய நோட்டுப் புத்தகம், சுவத்துல ஒட்டி மாட்டுன சாமி படத்துக்குப் பின்பக்கம், இதெல்லாம் விடக்கூடாது. வெளியில சுவத்தோட சாத்தி வச்ச விறகு, பழைய கதவு, வெட்டி விட்ட தென்னை அடிக்கட்டை. வீடு கட்டும்போது சென்ட்ரிங் பலகைத் துண்டுகளை படிக்கட்டுக்கு அடியிலயும் பேஸ்மட்டத்துக்குள்ளயும் போட்டு மண்ணு மூடியிருப்பாங்க, அது வெளிய தெரியவே தெரியாது, ஆனா பல வீட்டுல ஆரம்பமே அங்கருந்துதான்.

ஈசல் பத்தி நிறைய பேரு பயப்படுறாங்க. கோடை மழையோ ஐப்பசி மழையோ பெஞ்ச சாயங்காலம் தெரு லைட்டைப் பாத்து உள்ள வர்ற ஈசலுக்கு கவலைப்பட வேண்டியதில்ல, லைட்டை அணைச்சா போயிடும். ஆனா பூட்டுன ரூமுக்குள்ள ஜன்னல் ஓரத்துல றெக்கை மட்டும் குவிஞ்சு கிடந்தாலோ, தரை வெடிப்புலருந்தோ நெலவு இடுக்குலருந்தோ கிளம்பி வந்தாலோ, கூட்டத்தோட இருப்பிடம் உங்க வீட்டுக்கு அடியிலயே இருக்குன்னு அர்த்தம். றெக்கை முளைச்ச எறும்பையும் ஈசலையும் குழப்பிக்காதீங்க, ஈசலுக்கு நாலு றெக்கையும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காது, எறும்புக்கு முன் றெக்கை பெருசு, இடுப்பு நூலு கணக்கா இருக்கும், மீசையும் மடங்கியிருக்கும்.

தோட்டத்து மூலையில புத்து இருந்து அம்மா அதுக்கு மஞ்சள் குங்குமம் வச்சு கும்பிடுறாங்கன்னா அதை இடிக்க வேணாம், வீட்டுல சண்டை வந்ததுதான் மிச்சமா இருக்கும். மேல இடிச்சு விட்டா ராணி உள்ள பத்திரமா இருக்கும், கொஞ்ச நாள்ல திருப்பியும் கட்டிடும். அது அங்கயே இருக்கட்டும், நாம வீட்டைச் சுத்தி ஒரு வேலி போடுவோம்.

அந்த வேலிதான் ட்ரில் போட்டு மருந்து விடுறது. இதுக்கு இந்தியத் தரக் குறியீடே இருக்கு, ஐஎஸ் 6313, அதுல மூணாவது பாகம் கட்டி முடிச்ச வீட்டுக்கானது. சுவரும் தரையும் சேர்ற ஓரத்துல 12 மில்லிமீட்டர் துளை, 30 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, துளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கலவை, அப்புறம் வெள்ளை சிமெண்ட் வச்சு அடைக்கணும். வெளிப்பக்கம் சுவரை ஒட்டி மண்ணுலயும் விடணும், உள்ள மட்டும் பண்ணா பாதி வேலை. நீங்க பக்கத்துல நின்னு பாக்க வேண்டியது ரெண்டுதான், துளை தரை கான்கிரீட்டைத் தாண்டி மண்ணு வரைக்கும் போகுதா, அந்த ஒரு லிட்டரு நிஜமாவே உள்ள இறங்குதா. டைல்ஸ் மேல லேசா துளை போட்டு ரெண்டு பீச்சு பீச்சிட்டு அடைச்சுட்டுப் போற ஆளுங்க உண்டு.

மருந்துல பழசு குளோர்பைரிபாஸ், 20 சதவீதம் உள்ளதை ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணி சேத்து 1 சதவீதமா விடுவாங்க, நாத்தம் தாங்காது, மருந்து விழாத இடைவெளி எங்கயாவது இருந்தா கரையான் அது வழியா ஏறிடும். இப்ப நெறைய பேரு விடுறது இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம், லிட்டருக்கு 2.1 மில்லி, இல்லேன்னா பிப்ரோனில். இதுங்களுக்கு வாடை கிடையாது, கரையான் கண்டுக்காம அதுலயே நடந்துபோயி, ஒண்ணை ஒண்ணு நக்கி சுத்தம் பண்ணிக்கிற பழக்கத்தால மத்ததுக்கும் பரப்பும். அதனால விட்ட மறுநாளே செத்து விழாது, சில வாரம்கூட ஆகும், அதுக்குள்ள மருந்து டூப்ளிகேட்டுன்னு சண்டைக்குப் போகாதீங்க. என்னைக் கேட்டா வாடை இல்லாததுதான் நல்லது.

இதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். உங்க வீட்டுல கிணறோ, தரைக்கடியில சம்ப்போ இருந்தா, அதை ட்ரில் போடுற ஆளுகிட்ட முதல்லயே காட்டுங்க. மூக்கனேரி நிறைஞ்சிருக்கிற காலத்துல அந்தப் பக்கம் கிணத்துல தண்ணி மேல நிக்கும், அந்த நேரத்துல சுத்தி மண்ணுல விஷத்தை இறக்குறது பைத்தியக்காரத்தனம். கிணறு, சம்ப்பு ஓரத்துல மருந்தே விட வேணாம், அந்தப் பக்கம் ஈரத்தை நிறுத்தி, மரத்தை எடுத்து, வெடிப்பை அடைச்சு சமாளிக்கலாம். மீன் தொட்டி இருந்தா வேற ரூமுக்கு மாத்துங்க, குளோர்பைரிபாஸ், பிப்ரோனில் ரெண்டும் மீனுக்கு எமன்.

இப்ப அலமாரி. மாவு கொட்டுதுன்னீங்க, மண்ணு இல்ல, கோடு இல்ல, அப்ப அது கரையான் இல்ல, உளுத்துப்போறதுன்னு நம்ம பாட்டிங்க சொல்வாங்களே அதேதான், வேலை பாக்குறது ஒரு சின்ன வண்டோட புழு. மரத்துல குண்டூசித் தலை அளவுக்கு, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ஓட்டை இருக்கும், அதுலருந்துதான் தூள் வரும், விரல்ல தேச்சா பவுடர் கணக்கா வழுக்கும். ஒருவேளை தூள் வழுக்காம கசகசா போல மணிமணியா, பூதக்கண்ணாடியில பாத்தா ஆறு பட்டையோட இருந்தா அது மண்ணே தேவைப்படாத உலர்மரக் கரையான், ஆனா அது கடலோர ஊருங்கள்லதான் பெரும் தொல்லை, சேலத்துல முதல் சந்தேகம் வண்டுதான்.

இந்த வண்டு எல்லா மரத்தையும் தொடாது. மரத்துல வைரம் பாஞ்ச நடுப்பகுதியை விட்டுட்டு, வெளுப்பா இருக்கிற வெளிமரத்துல உள்ள மாவுச்சத்துக்குத்தான் வரும். தேக்குதான் வாங்கினேன் உளுத்துப்போச்சுன்னு அழுவுறவங்க வீட்டுல போயி பாத்தா ஓட்டை பூராவும் வெள்ளைப் பட்டையிலதான் இருக்கும். மா, ரப்பர் மரம், மூங்கில், ஏற்காட்டுல காபிக்கு நிழலுக்கு வைக்கிற சில்வர் ஓக்கு, இதெல்லாம் அதுக்கு விருந்து. மூங்கிலை தேய்பிறையில வெட்டணும், குளத்துல ஊறப் போடணும்னு பெரியவங்க சொன்னாங்க, பிறை கணக்கை நீங்க எப்படி வேணா எடுத்துக்கங்க, ஊறப்போடுறது நிஜமாவே வேலை செய்யும், மாவுச்சத்து கரைஞ்சு போயிடும்.

மாவு இருக்குன்னாலே வண்டு உயிரோட இருக்குன்னும் அர்த்தம் இல்ல, கதவை அடிச்சு சாத்தினா பழைய ஓட்டையிலருந்தும் கொட்டும். சுத்தமா தொடச்சுட்டு அடியில ஒரு கறுப்புத் தாள் விரிச்சு ஒரு மாசம் கதவைத் திறக்காம விடுங்க, புதுசா வெளுப்பா தூள் விழுந்தா உள்ள ஆளு இருக்கு. இருந்தா முதல் கேள்வி, அந்த அலமாரி காப்பாத்துற அளவுக்கு மதிப்பா? கடையில வாங்குன சாதா பலகைன்னா எடுத்து வெளிய போட்டுடுங்க, மருந்துச் செலவு அதை விட ஜாஸ்தி. பாட்டி சீதனம்னா, பாலிஷ் இல்லாத உள்பக்கம் பின்பக்கம் எல்லாம் போராக்ஸ், போரிக் ஆசிட் கலந்த கரைசலை ரெண்டு மூணு தடவை தடவி ஊற விடுங்க, ஓட்டை ஒவ்வொண்ணுலயும் சிரிஞ்சுல மரத்துக்கான மருந்து ஏத்துங்க, காஞ்சதும் வார்னிஷ் அடிச்சு மூடிடுங்க. அந்த வண்டு முட்டை வைக்கிறது மூடாத மரத்தோட நுண்துளையிலதான், வார்னிஷ் அடிச்ச இடத்துல வைக்க முடியாது. உள்ள ஏற்கனவே இருக்கிற புழு வெளிய வர ஒரு வருஷம்கூட ஆகும், அதனால மருந்து போட்டப்புறமும் ஒண்ணு ரெண்டு புது ஓட்டை விழுந்தா பதறாதீங்க. சித்திரை வெயில்ல காய வச்சா செத்துராதான்னு கேப்பீங்க. கப்பல்ல போற மரப்பெட்டிக்கு உலகம் பூரா உள்ள கணக்கு, மரத்தோட நடுப்பகுதி 56 டிகிரிக்கு ஏறி 30 நிமிஷம் நிக்கணும். கறுப்பு பாலித்தீன் சுத்தி மொட்டை மாடியில போட்டா மெல்லுசு பலகைக்கு அது நடக்கலாம், தடிச்ச சட்டத்துக்கு நம்பாதீங்க, பாலிஷும் போயிடும்.

ஏற்காட்டு வீட்டு ஓட்டை வேற கதை. விரல் போற அளவு, உருண்டை, கீழ ரம்பத்தூள் கொஞ்சம், மஞ்சக் கறை, இதெல்லாம் இருந்தா அது கருவண்டு, உண்மையில வண்டே இல்ல, தேனீ ஜாதி, கன்னங்கரேல்னு பெருசா ரீங்காரம் போட்டுட்டுத் திரியும். அது மரத்தை திங்காது, குஞ்சு வைக்க குடைஞ்சு வீடு பண்ணுது. பூவுக்கு மகரந்தம் சேக்குற நல்ல ஜீவன், அதைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்ல. குஞ்சு வெளிய போனதும் மரக்குச்சியும் பசையும் வச்சு அடைச்சு, கைமரத்துக்கு பெயிண்ட்டோ வார்னிஷோ அடிச்சுடுங்க, பெயிண்ட்டு அடிச்ச மரத்தை அது அதிகம் விரும்பாது. ஓட்டையை அப்படியே விட்டா வருஷா வருஷம் அங்கயே வந்து நீளமாக்கும். இதுக்கு தரையில ட்ரில் போடுறேன்னு சொன்னாரு பாருங்க, அதுக்குத்தான் நான் அட்வான்ஸ் குடுக்க வேணாம்னேன்.

ஆனா அந்த வீட்டுல நான் பயப்படுறது கருவண்டுக்கு இல்ல. 1500 மீட்டர் உயரம், மாசக்கணக்குல மூடுபனி, பூட்டுன வீடு, ஒரு ஓடு நகர்ந்திருந்தாலும் தண்ணி கைமரத்து மேல சொட்டிக்கிட்டே இருக்கும். மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்கு மேல நின்னா பூஞ்சை புடிச்சு இத்துப்போகும், பாக்குறவங்க அதையும் பூச்சின்னு சொல்லி மருந்து அடிப்பாங்க. கைமரம் சுவத்துல போயி உக்கார்ற நுனியில ஸ்க்ரூ ட்ரைவரைக் குத்திப் பாருங்க, சதுரம் சதுரமா வெடிச்சு பழுப்பா உதிர்ந்தா அது இத்துப்போன மரம், அதுக்கு வைத்தியம் நகர்ந்த கூரை ஓடுகளை சரி பண்றதும் நுனியை மாத்துறதும்தான். ஏறிப் பாக்குறதுக்கு முன்னாடி கீழ முட்டு குடுத்துட்டு ஏறுங்க.

இன்னொண்ணு, அங்க காபித் தோட்டம் வச்சிருக்கிறவங்க தண்டு துளைக்கிற வண்டு வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சோன்னு கேப்பாங்க. அது உயிரோட நிக்கிற அராபிகா செடியைத்தான் புடிக்கும், உங்க கைமரத்துக்கு வராது. ஆனா புடுங்கிப் போட்ட நோய் செடியை விறகுன்னு வீட்டோரமா அடுக்காதீங்க, அதுக்குள்ள இருக்கிறது வெளிய வந்து தோட்டத்துக்கே திரும்பப் போகும், விறகு மண்ணைத் தொட்டு கிடந்தா கரையானுக்கும் அழைப்புதான். பக்கத்துல தேன்பெட்டி இருந்தா இமிடாகுளோபிரிட்டை வெளிய செடி மேல தெளிக்க விடாதீங்க.

அந்த ஆளை திரும்பக் கூப்பிடும்போது கன்னங்குறிச்சி வீட்டுக்கு மட்டும் ரேட் கேளுங்க. பூச்சிமருந்துச் சட்டம் 1968 படி லைசென்ஸ் வேணும், அதைக் காட்டச் சொல்லுங்க, மருந்து பாட்டில் சீல் உங்க முன்னாடி உடைக்கணும், அஞ்சு வருஷம் கேரண்டின்னா கரையான் திரும்ப வந்தா இலவசமா விடுவாங்களா, இல்ல ஏதாவது ஒரு மூலைக்கு மட்டும் விடுவாங்களான்னு எழுத்துல வாங்குங்க. நெலவை மாத்துறதா இருந்தா மருந்து விட்டு நடமாட்டம் நின்னதுக்கு அப்புறம் மாத்துங்க, முன்னாடியே மாத்துனா புது மரத்துலயும் ஏறும். பின்வாசல் எப்பவும் தண்ணி படுற இடம், அங்க கல்லு நெலவு போட்டுடலாம், நம்ம பக்கம் கருங்கல்லுக்கு பஞ்சமா என்ன. மரம்தான் வேணும்னா வைரம் பாஞ்ச தேக்கோ வேங்கையோ எடுத்து, கால் தரைக்குள்ள போகாம கல்லு மேல நிக்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்க, சுவத்தைத் தொடுற பக்கத்துல தாரோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசலாம், அந்த எண்ணெய் கையில பட்டா தோல் உரிஞ்சுடும், கிளவுஸ் போடச் சொல்லுங்க. பிளைவுட்டு வாங்குனா தண்ணிக்கு தாங்கும்னு சொல்றதும் பூச்சிக்கு தாங்கும்னு சொல்றதும் ஒண்ணு இல்ல, ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைல மருந்து ஏத்துறது தரத்துலயே சேர்ந்தது, சாதா ஐஎஸ் 303ல கடைக்காரர் வாய் வார்த்தையை மட்டும் நம்பாதீங்க.

அலமாரி ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு குண்டூசியை வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க, கீழ விழுந்த தூளையும் கறுப்புத் தாள் மேல வச்சு ஒண்ணு எடுங்க. ஓட்டை மூணு மில்லிமீட்டருக்கு மேல இருந்தா அது வேற வண்டு, மூங்கிலயும் பச்சை மரத்துலயும் வர்றது, அப்ப வைத்தியம் கொஞ்சம் மாறும்.